ஏழு வீட்டுச் சவுக்கும் அருணகிரி மூலையும்

கடப்பாக்கம்
8.9.2025

ஜெபா,

ஸ்தோத்திரம் எழுத மனசு வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு நாளாக நீ போன் பண்ணிக்கொண்டே இருக்கிறாய். எடுக்க மாட்டேன். எடுத்தால் நீ குழைந்து குழைந்து ‘அக்கா’ என்பாய், நானும் பாதி கோபத்தை விழுங்கிவிடுவேன். இந்தத் தடவை விழுங்க எனக்கு இஷ்டமில்லை. சொல்ல வேண்டியதைப் பேப்பரில் எழுது. அப்போதுதான் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று பின்னால் மாற்ற முடியாது.

சனிக்கிழமை காகித ஆலையிலிருந்து ஆள் வந்தான். நாங்கள் ஏழு வீட்டுக்காரர்களும் சவுக்குத் தோப்பு ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். என்றைக்கு வெட்டலாம் என்று தேதி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து செங்கம்மாள் அவனுக்குக் கலர் வாங்கிக் கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டுச் சொல்கிறான்: “உங்க தோப்பு சிவப்பு கீதும்மா. மரம் எடுக்க மாட்டாங்க.”

“சிவப்புன்னா இன்னாய்யா?” என்று கேட்டேன்.

“காட்டை அழிச்சிட்டு நட்ட மரம்னு அர்த்தம். ஐரோப்பாக்காரன் சட்டம் போட்டுகீறான். அந்த மாதிரி மரத்துல செஞ்ச காயிதம் அங்க போவக்கூடாது.”

காட்டை அழித்தவர்கள் நாங்களாம்! அம்மாவுக்குப் பட்டா கொடுத்தபோது அங்கே என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாதா? காலை வைத்தால் கொப்புளம் போடும் மணல். நட்டு, தண்ணீர் சுமந்து ஊற்றி, மரமாக்கினது நாங்கள். நட்டவள் வெட்டினால் அது காடழிப்பா? எவனுடா சொன்னது?

எவன் சொன்னான் என்று அவனே போனில் காட்டினான். ‘சரிபார்த்தவர்: தே. ஜெபக்குமார், நாவலூர்’. நம் அப்பா தேவசகாயத்தின் எழுத்து முன்னால் நிற்கிறது. செங்கம்மாளும் பார்த்தாள், லோகநாயகியும் பார்த்தாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

இந்தத் தடவை இந்த மரம் எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்துமா செய்தாய்? இதுவரைக்கும் எங்கள் மரம் அருணகிரி பெயரில்தான் ஆலைக்குள் போனது. அவன் அப்பன் வயலில் அம்மா நாற்று நட்டாள், அவன் லாரியில் நாங்கள் மரம் ஏற்றினோம், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தச் சட்டம் வந்ததால்தான் ஆலைக்காரன், எந்த நிலம், யாருடையது என்று கேட்டான். முதல்முறையாக எங்கள் ஏழு பேர் பெயரும் ஆலை கணக்கில் ஏறியது. ஏறின கையோடு நீ அதன் மேல் சிவப்பு மை பூசிவிட்டாய்.

ஒன்றே ஒன்று சொல்லு. என் பெயரைப் பார்த்தாயா? பார்க்காமல் அமுக்கினாயா?

மார்கரெட்


நாவலூர்
13.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு தபால் எழுதுகிறோம். ஊரே சிரிக்கும். சரி, உன் இஷ்டம்.

முதலில் சட்டத்தைப் புரிந்துகொள். 2020 டிசம்பர் கடைசிக்குப் பிறகு காடாக இருந்த இடத்தை அழித்து எதை வைத்திருந்தாலும், அங்கே விளைந்த பொருள் ஐரோப்பாவுக்குள் போகக் கூடாது. மரம், காகிதம், காப்பி, கோகோ, ரப்பர் எல்லாவற்றுக்கும் இதுதான். பிரேசில்காரனுக்கும் இதுதான், கானாக்காரனுக்கும் இதுதான், கடப்பாக்கத்துக்கும் இதுதான். விற்கிறவன் தன் நிலத்தைச் சுற்றிப் போனைப் பிடித்துக்கொண்டு நடந்து கோடு போட்டு அனுப்ப வேண்டும். அந்தக் கோட்டுக்குள் அன்றைக்கு என்ன இருந்தது, இன்றைக்கு என்ன இருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தில் பார்ப்பது என் வேலை. அந்தப் படம் ரகசியமும் இல்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நட்டதை வெட்டி மறுபடி நட்டால் யாரும் குற்றம் சொல்லவில்லை. உங்கள் ஏழு வீட்டு நிலத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கடல் பக்கத்து மூலையைப் பார். 2021 படத்தில் அங்கே பனையும் தாழையும் மண்டிக் கிடக்கிறது. 2022 படத்தில் மொட்டை. அதற்கப்புறம் வரிசை வரிசையாகச் சவுக்கு. அது யார் மூலை? அருணகிரியுடையது. ஜேசிபி விட்டுத் தள்ளினான் என்று நீயேதான் அப்போது போனில் சொல்லித் திட்டினாய். அந்த மூலை எப்படி உன் கோட்டுக்குள் வந்தது?

கோட்டைப் போட்டது நான் இல்லை அக்கா. நடந்தது நீ. ‘இதற்குள் இருப்பதெல்லாம் எங்கள் ஏழு பேர் நிலம்’ என்று கையெழுத்துப் போட்டதும் நீ. ஒரு கோட்டுக்குள் ஒரு மூலை கெட்டால் முழுத் துண்டும் சிவப்புதான். அடுத்தவன் செய்த அயோக்கியத்தனத்துக்கு நீ ஏன் கையெழுத்துப் போட்டாய்? எனக்கும் கோபம் வரும்.

ஜெபா


கடப்பாக்கம்
20.9.2025

ஜெபா,

பாடம் நடத்தினது போதும். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. அது என் கண்ணில் படாமல் போகும் என்று நினைத்தாயா?

எப்படிக் கோட்டுக்குள் வந்தது என்று கேட்கிறாய். சொல்கிறேன். எங்கள் ஏழு துண்டுக்கும் நடுவில் வரப்பு கிடையாது. வரப்பு போட்டால் ஒரு வரிசை மரம் வீண். ஒரே நாளில் நடுவோம், ஒரே நாளில் வெட்டுவோம். முழு லோடு இல்லாமல் லாரி வராது என்பதால் ஒருத்தி மட்டும் தனியாக வெட்டவும் முடியாது. எல்லைக்கு ஒரு கல்லோ ஒரு பனையோ நிற்கும், அது எங்களுக்கு மட்டும் தெரியும். இப்படி இருக்கிற இடத்தில் தனித்தனியாகச் சுற்றிக் கோடு போடு என்றால், ‘என்னை ஏன் ஒதுக்கினாய்’ என்று லோகநாயகி சண்டைக்கு வருவாள். சேர்ந்தே நட்டோம், சேர்ந்தே நடக்கலாம் என்று நான்தான் சொன்னேன். தலைவி ஆயிற்றே!

அன்றைக்கு அருணகிரி வந்து நின்றான். அவன் துண்டு எங்கள் நிலத்துக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு இருக்கிறது. அதை விட்டுச் சுற்ற வேண்டுமென்றால் முள்வேலிக்குள் புகுந்து வர வேண்டும். “இன்னாத்துக்கு மார்கரெட்டு முள்ளுல பூந்துகினு? எல்லாம் ஒரே சவுக்குதான? ஒரே சுத்தா சுத்திடு. லாரி நம்மளுதுதான் வரப்போவுது” என்றான். சுற்றினேன். மடச்சி.

உன் கடிதம் வந்த அன்றைக்கே பஸ் ஸ்டாப் டீக்கடையில் அவனைப் பிடித்தேன். “அண்ணாத்த, உன் மூலையாலதான் எங்களுக்கு சிவப்பு. அது உன்னுதுன்னு ஆலைக்கு எழுதிக் குடு” என்றேன்.

டீயை உறிஞ்சிக்கொண்டே சொல்கிறான்: “நான் இன்னா பண்ணேன்? நீதான் நடந்த, நீதான் கையெழுத்து போட்ட. உன் தம்பிகாரன்தான் சிவப்பு வெச்சான். அக்கா தம்பி பேசித் தீத்துக்கோங்க. இல்லன்னா மரத்தை எனக்குக் குடு, சாரம் கட்டக் கழியா எடுத்துக்கறேன்.” கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

கழிக்கு என்ன விலை, ஆலைக்கு என்ன விலை என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்கூட்டியே எல்லாம் யோசித்துத்தான் அவன் அன்றைக்கு வந்து நின்றிருக்கிறான். பச்சை விழுந்தால் அவன் மூலையும் எங்கள் பெயரில் சுத்தமாகிவிடும். சிவப்பு விழுந்தால் எங்கள் மரம் அவனுக்கு மலிவாகக் கிடைக்கும்.

மழை வருவதற்குள் வெட்டியாக வேண்டும். இந்த மரம் இனிமேல் ஒரு புயலைத் தாங்காது. நீ ஒன்று செய். அந்த மூலையை மட்டும் கோட்டிலிருந்து நீயே வெட்டி எடுத்துவிடு. எது யாருடையது என்று உனக்கே தெரியும். பொய் சொல்லச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சரியாகப் போடச் சொல்கிறேன்.

மார்கரெட்


நாவலூர்
28.9.2025

அக்கா,

முடியாது.

விற்கிறவர் போட்ட கோட்டில் நான் கை வைக்கக் கூடாது. வைத்தால் யார் வைத்தது, எப்போது வைத்தது என்று அதிலேயே பதிவாகும். இன்றைக்கு அக்காவுக்காக நல்லதற்கு நகர்த்தினால், நாளைக்கு ஒருத்தன் காசு வாங்கிக்கொண்டு கெட்டதற்கு நகர்த்துவான். அருணகிரி மாதிரி ஆட்களுக்கு அதுதான் வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். ஏழு பேரும் தனித்தனியாக நடந்து, தனித்தனியாகப் பட்டாவோடு மறுபடி அனுப்புங்கள். கூடவே ‘அந்த மூலை அருணகிரியுடையது, தவறாகச் சேர்த்துவிட்டோம்’ என்று ஏழு பேரும் எழுதிக் கொடுங்கள். பார்த்து முடிக்க மூன்று மாதம் ஆகலாம். மழைக்கு முன்னால் முடியுமா என்று கேட்காதே. முடியாது. அது தப்புதான். இந்தச் சட்டம் எழுதினவனுக்கு ஐப்பசி மழை தெரியாது. என்னைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

நீ இரண்டு தடவை கேட்டுவிட்டாய். பார்த்தேன். உன் பெயரைப் பார்த்தேன். ‘மார்கரெட், கடப்பாக்கம்’. படத்தைப் பெரிதாக்கினேன், நம் கிணறு தெரிந்தது. பார்த்துவிட்டுத்தான் சிவப்பு போட்டேன். அப்புறம் மேலே இருக்கிற ஜெனிஃபரிடம் போய், இது என் அக்கா நிலம், வேறு யாராவது ஒருமுறை பார்க்கட்டும் என்றேன். அவர்கள் பார்த்தார்கள். அதுவும் சிவப்புதான்.

உனக்கு முன்பே போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை. ஆலைக்காரன் போய்ச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். சிவப்பு போட்டதற்குத் திட்டாதே.

ஜெபா


கடப்பாக்கம்
27.10.2025

ஜெபக்குமாருக்கு,

வெட்டியாகிவிட்டது.

ஏழு பேரும் எழுதிக் கொடுங்கள் என்று சுலபமாகச் சொன்னாய். சர்ச் ஹாலில் கூட்டம் போட்டேன். செங்கம்மாள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. “அவன் பேரை எழுதிக் குட்த்துட்டு, நாளைக்கு எவன் லாரில ஏத்துவ? உன் தம்பி தூக்கினு போவானா?” என்று கேட்டாள். அவள் கேட்டது தப்பில்லை. என்னைத் தவிர ஒருத்தரும் கையெழுத்துப் போடவில்லை. தனித்தனியாக நடக்கவாவது வாருங்கள் என்றேன். அன்றைக்குத்தான் புயல் எச்சரிக்கை வந்தது. இரண்டு மரம் முறிந்து விழுந்ததும் எல்லாரும் அருணகிரி வீட்டு வாசலுக்குப் போனார்கள். கடைசியாகப் போனது நான்.

அவன் சொன்ன விலைக்குத்தான் போயிற்று. பேரம் பேசக்கூட விடவில்லை. “சிவப்பு மரத்துக்கு இதுவே ஜாஸ்தி” என்றான். பழையபடி அவன் பெயர்தான், அவன் லாரிதான். எங்கள் பெயர் எங்கேயும் இல்லை.

கழியெல்லாம் கேளம்பாக்கம் பக்கம் போகிறதாம், ஏதோ அடுக்குமாடிக்குச் சாரம் கட்ட. ஆபீஸ் போகும் வழியில் பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் என் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை. உன்னைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. நானும் இனிமேல் எழுதமாட்டேன்.

மார்கரெட்


நாவலூர்
20.12.2025

அன்புள்ள அக்கா,

நீ எழுதமாட்டேன் என்று எழுதியும் நான் எழுதுகிறேன். நல்ல செய்தி இருக்கிறது.

சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள்! இன்னும் ஒரு வருஷம். இது இரண்டாவது தடவை. போன வருஷமும் இதே டிசம்பரில் இதைத்தான் செய்தார்கள். அங்கே பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் ‘எங்களால் தயாராக முடியவில்லை’ என்று அழுதிருக்கிறார்கள், பாராளுமன்றமும் சரி என்றுவிட்டது. எங்கள் ஆபீஸில் பாதிப் பேருக்குக் கையில் வேலை இல்லை.

அதனால் பழைய குறிகளையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு. கடப்பாக்கம் பக்கத்து நிலமெல்லாம் என் கையில்தான் வந்திருக்கிறது. ஜனவரி முதல் வாரத்தில் உங்கள் துண்டு முழுவதும் பச்சையாகிவிடும். நான் பார்த்துப் பார்த்து வேதனைப்பட்ட சிவப்பு போய்விடும். அடுத்த மரத்துக்கு உன் பெயரில் ஒரு கறையும் இருக்காது.

கிறிஸ்துமஸுக்கு வரலாமா? கேக் வாங்கி வைத்திருக்கிறேன். நீ ‘வா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் கிளம்பிவிடுவேன்.

உன் தம்பி
ஜெபா


கடப்பாக்கம்
24.12.2025

டேய் ஜெபா,

கேக்கை நீயே சாப்பிடு.

நல்ல செய்தியாம்! உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். போட்டுவிட்டால் பதில் எழுத முடியாதே என்று எடுத்து வைத்தேன்.

அங்கே பெரிய கம்பெனிக்காரன் அழுதால் ஒரு வருஷம் தள்ளிப் போகிறது. இங்கே மழை வருகிறது, மரம் முறிகிறது என்று நான் அழுதேனே, ஒரு மூன்று மாதம் முன்னால் தள்ளி வைக்க எவனுக்காவது வாய் வந்ததா? ‘முடியாது’ என்று ஒற்றை வார்த்தையில் எழுதினது நீதானே? தள்ளப்போகிற சட்டத்துக்குப் பயந்தா நாங்கள் மரத்தைக் கழி விலைக்குத் தூக்கிக் கொடுத்தோம்?

இன்னும் கேள். சட்டம் தள்ளிப்போன செய்தி உனக்கு முன்னால் அருணகிரிக்கு வந்துவிட்டது. நேற்று அவன் மூலையில் இருந்த மரத்தை வெட்டி ஏற்றினான். எங்கே? ஆலைக்கு. அவன் பெயரில், ஆலை விலைக்கு. இப்போது அங்கே எவனும் படம் பார்க்கவில்லையாம். காட்டை அழித்து நட்டவன் மரம் காகிதமாகப் போகிறது. மணலில் நட்ட எங்கள் மரம் சாரமாக நிற்கிறது. லாரி போகும்போது என்னைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

அதோடு விட்டானா? மிச்சம் இருக்கிற தாழம்புதரையும் தள்ள ஜேசிபி கொண்டுவந்து நிறுத்திவிட்டான். கிறிஸ்துமஸுக்கு டிரைவர் ஊருக்குப் போயிருக்கிறான், அதனால்தான் இன்னும் தள்ளவில்லை. அந்தப் புதர் போனால் கடல் மணல் முழுவதும் எங்கள் நிலத்தில்தான் வந்து விழும். இரண்டு வருஷத்தில் ஒரு கன்றும் நிற்காது. அப்புறம் பச்சை என்ன, சிவப்பு என்ன?

இந்த நேரத்தில் நீ எல்லாவற்றையும் துடைத்துப் பச்சையாக்குகிறேன் என்கிறாய். எல்லாவற்றையும் என்றால் அவன் மூலையும்தானே? எங்களைக் கழுவுகிற சாக்கில் அவனைக் கழுவப் போகிறாய். எனக்கு அந்தப் பச்சை வேண்டாம். தூ!

நான் இந்தச் சட்டத்தைச் சபித்தவள். இப்போது சொல்கிறேன், அது வர வேண்டும். எந்த ஊர்க்காரன் போட்டால் எனக்கென்ன? இந்த நிலம் யாருடையது என்று என்னைக் கேட்ட முதல் சட்டம் அது. அதைத் தள்ளி வைக்க இவர்கள் யார்? எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா?

ஹாரன் சத்தம் எனக்கு மட்டும் கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் செங்கம்மாளே என் வீட்டுக்கு வந்தாள். “இன்னாடி பாத்துகினு கீற, எழுது, நான் போடறேன் கையெழுத்து” என்றாள். பின்னாலேயே லோகநாயகி. இன்றைக்குக் காலையில் ஏழு பேரும் ஆளுக்கொரு போனோடு அவரவர் துண்டை மட்டும் சுற்றினோம். முள்வேலிக்குள் புகுந்துதான் வந்தோம். என் புடவை கிழிந்து போயிற்று. இனிமேல் எவளாவது ‘சேர்ந்தே நடக்கலாம்’ என்று வாயைத் திறந்தால் அடி விழும்.

ஜனவரி ஐந்து, திங்கட்கிழமை, செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறோம். கடற்கரைத் தாழம்புதரை எவன் எப்போது அழித்தான், இப்போது எதை அழிக்க நிற்கிறான் என்று மனு. அந்த மூலையைத் தெரியாமல் என் கோட்டில் சேர்த்தேன் என்றும் அதில் எழுதியிருக்கிறேன். கேட்பார்கள். கேட்கட்டும், சொல்கிறேன்.

நீ செய்ய வேண்டியது இரண்டு. அந்த மூலையைச் சிவப்பாகவே வை. அப்புறம் 2021 படமும் 2022 படமும் எங்களுக்கு வேண்டும். அதை நீயே கொண்டுவந்து, நீயே நின்று, இது இந்த இடம்தான் என்று சொல்ல வேண்டும். சொல்வாயா, இல்லை அன்றைக்கும் ஆலைக்காரன் போய்ச் சொல்லட்டும் என்று இருப்பாயா?

மார்கரெட்


நாவலூர்
30.12.2025

அக்கா,

நீ பேசின பேச்சுக்கு உனக்கும் எனக்கும் தனியாக ஒரு சண்டை இருக்கிறது. அதைத் திங்கட்கிழமைக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஏழு பேர் அனுப்பிய கோடும் வந்தது. ஏழும் சுத்தம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூலையைத் துடைக்கச் சொன்னார்கள், துடைக்கவில்லை. “எல்லாத்தையும் அழிங்கன்னுதானே சொல்லியிருக்கு? இதை மட்டும் ஏன் வச்சிருக்கீங்க?” என்று ஜெனிஃபர் கேட்டார். “அங்க காடு இருந்துச்சு மேடம். இப்ப இல்ல. சட்டம் தள்ளிப்போனா அது திரும்பி வந்துடுமா?” என்றேன். எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜனவரியில் எனக்கு வேலை இருக்குமா என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

படங்களைப் பெரிதாக அச்சடித்துவிட்டேன், யாரும் பார்க்கக்கூடிய படம்தான், அதை எவனும் தடுக்க முடியாது. திங்கட்கிழமை காலையில் செங்கல்பட்டில் நிற்பேன். அருணகிரி வந்தால் வரட்டும். அவன் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டுகிறேன்.

மனுவில் ஏழு பேர் கையெழுத்துக்குக் கீழே எனக்கும் கொஞ்சம் இடம் விட்டு வை. கம்பெனி பெயர், பதவி எதுவும் எழுதாதே. தேவசகாயம் மகன் ஜெபக்குமார், கடப்பாக்கம் என்று மட்டும் எழுது.

ஜெபா